முட்டம் கடற்கரை: அஸ்தமனப் படக் குறிப்புகள்

டிசம்பர் 27

இன்று அஸ்தமனம் மாலை 6.10. தமிழகக் கரையின் பெரும்பகுதி சூரியன் எழும் பக்கம் பார்த்தது. கடலுக்குள் இறங்குவதைப் படமெடுக்க குமரி மாவட்டத்தின் மேற்குக் கரைதான் வாகு. கன்னியாகுமரி முனையில் வள்ளுவர் சிலையும் விவேகானந்தர் பாறையும் உதயத்தின் பக்கம். கரையில் நின்று அஸ்தமனத்தை எடுத்தால் அவை சட்டகத்தில் வராது. அந்த மேற்குக் கரையிலுள்ள முட்டத்தில் படத்தின் முன்னால் நிறுத்தப் பாறைகள் உண்டு. இந்த மாதம் சூரியன் நேர் மேற்கிலிருந்து 23 டிகிரிக்கு மேல் தெற்கே தள்ளி விழுகிறது. எந்தப் பாறைக்குப் பின்னால் விழும் என்பதை ஐந்தரைக்கே வந்து பார்த்துவிட வேண்டும். வட்டம் தொடுவானைத் தொட்டபின் முழுதாய் மறைய இரண்டு நிமிடத்துக்குச் சற்றே மேல்தான்.

டிசம்பர் 28

வெளிச்ச அளவு. சூரியனைச் சட்டகத்தின் நடுவில் வைத்து அளந்தால் கேமரா மிரண்டு எல்லாவற்றையும் கறுப்பாக்கும். மணலை அளந்தால் வானம் வெளுத்துவிடும். சூரியனுக்குப் பக்கத்து வானத்தை, சூரியன் உள்ளே வராமல், ஸ்பாட் முறையில் (ஒரு சிறு புள்ளியை மட்டும்) அளந்து, அந்த அளவை மேனுவலில், அதாவது கேமரா தானாக மாற்றாதபடி, பூட்டிவிடலாம். இன்று ஐ.எஸ்.ஓ (ஒளியுணர்வு) 100, எஃப் (லென்ஸ் துளையின் அளவெண்) 8, ஷட்டர் (ஒளி விழும் நேரம்) 1/200 விநாடி சரியாக வந்தது. வெளிச்சப் பரவலைக் காட்டும் ஹிஸ்டோகிராம் வரைபடத்தில் சிவப்பை மட்டும் தனியே பாருங்கள். மொத்த வரைபடம் நன்றாகத் தெரியும்போதே சிவப்பு வலது ஓரத்தில் முட்டிவிடும். அப்புறம் அந்த இடம் சப்பென்ற மஞ்சள் திட்டுதான், ரா கோப்பிலும் (கேமரா பதப்படுத்தாத மூலக் கோப்பு) முழுதாய் மீட்க முடியாது.

ஒயிட் பேலன்ஸ் (நிறச் சமன்) ஆட்டோவில் வேண்டாம். அந்திச் சிவப்பைக் கோளாறு என்று நினைத்து கேமரா அதைத் திருத்திவிடும். ‘டேலைட்’டில் வைத்தாலே போதும்.

படத்தில் சூரியன் சிறுத்துப் போவது லென்ஸால். சென்சாரில் (படம் பதியும் சில்லு) விழும் வட்டம், லென்ஸின் மி.மீ. எண்ணான குவியத் தூரத்தில் ஏறக்குறைய 109-இல் ஒரு பங்கு: 18 மி.மீ. லென்ஸில் 0.17 மி.மீ., 200-இல் 1.8 மி.மீ. பெரிய சூரியன் வேண்டுமென்றால் 200-க்குக் கீழே இறங்காதீர்கள். ஆனால் டெலி லென்ஸ் (தொலைவை நெருக்கிக் காட்டுவது) மாட்டிய டி.எஸ்.எல்.ஆர். கேமராவின் கண்துளை வழியே சூரியனைப் பார்க்கவே கூடாது, கண் போய்விடும். பின்திரையில் பார்த்து எடுக்கலாம்.

டிசம்பர் 30

தொடுவானில் மேகத் திட்டு. சூரியன் 6 மணிக்கே ஒளிந்துகொண்டது.

ஜனவரி 2

காற்று பலம். பத்து நிமிடத்தில் லென்ஸ் மேல் உப்புப் படலம். சூரியனைச் சுற்றிப் புகைபோல ஒரு வெண்மை பரவியதற்கு அதுதான் காரணம். காய்ந்த துணியால் தேய்த்தால் உப்பும் மணலும் கண்ணாடியைக் கீறும். முதலில் ஊதுபந்து, பிறகு நல்ல தண்ணீரில் லேசாக நனைத்த மைக்ரோஃபைபர் துணி, கடைசியில் காய்ந்தது. பாதுகாப்புக்கு மாட்டும் யு.வி. ஃபில்டரை அஸ்தமனத்துக்குக் கழற்றிவிட வேண்டும். சூரியனுக்கு எதிர்மூலையில் தெரியும் பச்சைப் புள்ளி பல நேரம் அதனால் வருவதே. கரையில் நின்று லென்ஸ் மாற்றுவது அறவே கூடாது.

ட்ரைபாடின் கால்களை ஈர மணலில் ஒரு சாண் அழுத்தி நட்டால்தான் நிற்கும். நட்டாலும் ஒவ்வொரு அலையும் காலடி மணலை அரிக்கும். ஷட்டர் நீண்ட நேரம் திறந்திருக்கும் எக்ஸ்போஷரில் படம் கலங்குவது இதனால்தான். அலை பின்வாங்கத் தொடங்கியதும் ஷட்டரை அழுத்தி, அடுத்தது வருமுன் முடித்துவிட வேண்டும். வீட்டுக்கு வந்ததும் கால் பூட்டுகளை நல்ல தண்ணீரில் கழுவாவிட்டால் ஒரு வாரத்தில் இறுகிவிடும்.

ஜனவரி 17

அஸ்தமனம் 6.21. சூரியன் மறைந்ததும் கூட்டம் எழுந்து போய்விடுகிறது. இந்த ஊர்களில் அந்தி வெளிச்சம் இருபது நிமிடம்போல்தான் நிற்கும், ஆனால் நல்ல நிறம் அதற்குள்தான். அலை பின்வாங்கிய ஈர மணல் இரண்டு மூன்று விநாடி கண்ணாடியாகிறது. கேமராவை முழங்கால் உயரத்துக்கு இறக்கினால் வானம் முழுக்க அதில் விழும். எஃப் 8-இலேயே, சூரியன் மறைந்த 10 நிமிடத்தில் 1/15 விநாடி, 20 நிமிடத்தில் ஒன்றிரண்டு விநாடி என்று ஷட்டர் நீண்டுகொண்டே போகும். அரை விநாடியில் நுரை கோடுகளாக இழுபடும், எனக்குப் பிடித்தது அதுதான்; 15 விநாடியில் கடல் வெறும் பனிமூட்டம். எஃப் 22-க்குப் போய் (துளையை மிகச் சிறிதாக்கி) ஷட்டரை நீட்டாதீர்கள்: கூர்மை குறையும், சென்சார் தூசி அத்தனையும் வானத்தில் புள்ளியாய் நிற்கும்.