ஐயன் காலு

ஜூன் 4
ஐயன் கால் புண்ணுக்கு இன்னிக்கும் கட்டு போடல. கையிலயும் கணுக்கால்லயும் பிரஷர் பாத்தாங்க, டாப்ளர்னு ஒரு கருவி, ஜெல் தடவி வெச்சா உஸ் உஸ்னு சத்தம். கணுக்கால்ல வந்ததை கையில வந்ததால வகுக்கோணுமாம். 0.8க்கு கீழ இருந்தா இத்தனை இறுக்கமா கட்டக்கூடாது, காலுக்குப் போற ரத்தமே கொறைஞ்சிரும். ஐயனுக்கு 1.0. "பாஸாயிட்டனா அம்மிணி?"ங்கறாரு.

ஜூன் 5
நாலு அடுக்கு. பஞ்சு, க்ரேப், எலாஸ்டிக், கடைசியா தன்னால ஒட்டிக்கற துணி. விரலுக்குக் கீழ ஆரம்பிச்சு முட்டிக்கிட்ட வரைக்கும், ஒவ்வொரு சுத்தும் முந்துன சுத்து மேல பாதி ஏறோணும். கணுக்கால்ல அழுத்தம் 40 mmHg (பிரஷர் பாக்கற அதே அளவு), மேல போகப்போக அழுத்தம் கொறையோணும்னு நர்ஸம்மா சொல்லுது. ஐயன் குனிஞ்சு பாத்துட்டு "பாவு டென்ஷன் மாதிரிதான், ஒரு பக்கம் தொய்ஞ்சா துணி போச்சு"ன்னாரு. முப்பது வருசம் தறிக்கிட்ட நின்ன காலு.

ஜூன் 6
ராத்திரி மூணு தடவை டார்ச் அடிச்சு விரலைப் பாத்தேன். நீலமாகல.

ஜூன் 8
நாத்தம். சாம்பிராணி போட்டேன்.

ஜூன் 9
விடியால பாத்தா கட்டு மேல பாதி கத்திரிச்சுக் கெடக்குது. ராத்திரி வலி தாங்கலியாம், என்னை எழுப்புனா என்னங்ய்யா. இருந்ததுல கீழ மட்டும் இறுக்கி நிக்குது, அதுக்கு மேல கெண்டைக்கால் பூசணி மாதிரி வீங்கிருச்சு. நெம்ப திட்டிட்டேன். பொறவு நானே அழுதேன். பெரியத்தை வேற போன்ல, "புண்ணைக் காத்தாட விடோணும் கண்ணு, மூடி வெச்சா எப்படி ஆறும், கருவாடு குடுக்காத"ங்குது. மூணு வருசமா காத்தாடத்தானே விட்டோம்! எத்தனை ட்யூப் களிம்பு, எத்தனை மஞ்சப்பத்து. கால்ல ரத்தத்தை மேல கொண்டு போற ரத்தக்கொழாய்க்குள்ள இருக்கற வால்வு கெட்டு ரத்தம் மேல ஏறாம கீழயே தேங்குது, அதை வெளிய இருந்து அழுத்தாம மேல என்னத்தைத் தடவுனா என்ன. அத்தைக்கு இதை எப்படிச் சொல்றது, சரிங்கத்தைன்னு வெச்சுட்டேன்.

ஜூன் 12
புதுக்கட்டு. புண்ணு அளவு 5.2க்கு 3.8 சென்டிமீட்டர்.

ஜூன் 13
விரல் சரியா இருக்குது.

ஜூன் 19
5க்கு 3.7. இதுக்கா இத்தனை.

ஜூலை 3
4.1க்கு 2.9!! ஓரத்துல ரோஸ் கலர்ல புதுத்தோல், வெங்காயத்தோல் மாதிரி மெல்லிசா. சுத்தியும் அந்தக் கறுப்பு அப்படியேதான் இருக்குது. நாளைக்கு சந்தைக்கு நடந்தே வாரேங்கறாரு. நடந்தா நல்லதுதான், கெண்டைக்கால் அசைஞ்சாத்தான் ரத்தம் ஏறும். ஆனா கட்டோட செருப்பு நொழைய மாட்டேங்குது. இடது காலுக்கு மட்டும் ரெண்டு சைஸ் பெருசா யாரு குடுப்பாங்க