அப்பான்ர பேரில இருந்த பெர்மிட்

செத்துப்போன அப்பான்ர பேரில, காணாமப்போன புருசன்ர பேரில இருக்கிற காணிப் பெர்மிட்டை (அரசாங்கக் காணிக்குக் குடுக்கிற பத்திரம்) வைச்சுக்கொண்டு இன்னும் கனபேர் ஒபிஸ் ஒபிசா அலையினம், அதால எங்களுக்கு, இந்தியா காசு குடுத்த இந்திய வீட்டுத்திட்டத்தில வீடு கிடைச்ச கதையை முதல்ல இருந்து எழுதிறன், கொஞ்சம் நீளமாத்தான் வரும்.

2009 மே மாசம், போர் முடியிற நேரம், முல்லைத்தீவு வட்டுவாகல் பாலத்தால வெளிய வரேக்க அம்மான்ர கையில ஒரு சொப்பிங் பை மட்டும்தான் மிச்சம். எங்கட அடையாள அட்டையள், என்ர ஓஎல் ரிசல்ட், தம்பின்ர பிறப்புச் சான்றிதழ், காணிப் பெர்மிட் எல்லாம் அதுக்குள்ளதான். அப்பா அதுக்கு ரெண்டு நாளுக்கு முன்னம் முள்ளிவாய்க்கால்ல செல் விழுந்து செத்தவர், இருந்த பங்கருக்குள்ளயே வைச்சு மண்ணை இழுத்து மூடிப்போட்டு வந்தனாங்கள். வாற வழியில பை நனைஞ்சு போச்சு. வவுனியா மெனிக் பாம் முகாமில சோன் 4 இல கூடாரம் தந்தாப் பிறகுதான் அதை அவிழ்த்துப் பாத்தம், பெர்மிட்டில அரசாங்கச் சின்னமும் அப்பான்ர முதலெழுத்தும் தெரியுது, நம்பர் இருந்த இடம் நீல மை ஊறிப் பரவிக் கிடக்குது. அம்மா அதைத் தறப்பாளுக்குக் கீழ ஒரு கல்லை வைச்சுக் காயவிட்டு, காயுமட்டும் பக்கத்திலயே இருந்தவ.

முகாமைப் பற்றி எழுத வெளிக்கிட்டா முடியாது, தண்ணிக்கு நிண்ட லைன் மட்டுமே ஒரு கதை, அதை விடுறன். 2010 இல மிதிவெடி எடுத்து முடிஞ்ச பக்கம் எண்டு சொல்லி எங்களை ஊருக்கு விட்டினம். யூஎன்எச்சிஆர் (ஐநா அகதிகள் அமைப்பு) காசு 25,000, அதில 5,000 முதல் கையில, மிச்சம் 20,000 பிறகு பாங்கில. 12 தகரம், தறப்பாள், மண்வெட்டி கத்தி, பிறகு ஆறு மாசத்துக்குச் சங்கக்கடையில நிவாரணம், அரிசி மா பருப்பு சீனி எண்ணெய். இதைக் குறைவாச் சொல்ல மாட்டன், அந்த அரிசியும் மாவும் இல்லாட்டி நாங்கள் அந்த வருசத்தைத் தாண்டியிருக்க ஏலாது. ஆனா தகரக் கொட்டிலுக்குள்ள பங்குனி சித்திரை வெயிலில பகல் 11 மணிக்குப் பிறகு ஆள் இருக்கேலாது, மரத்தடியிலதான் தம்பி படிச்சவன்.

இந்திய வீட்டுத்திட்டம் 50,000 வீடு எண்டு 2010 இலயே கதை வந்தது, ஆனா எங்களைப் போல ஆக்களுக்கு, சொந்தக் காணியில நீங்களே கட்டுங்கோ, காசு உங்கட பாங்க் புத்தகத்துக்கே வரும் எண்ட முறை 2012 ஒக்டோபரிலதான் தொடங்கினது. ஒரு வீட்டுக்கு 5,50,000 ரூபா. பொம்பிளை தலைமை தாங்கிற குடும்பம், மாற்றுத்திறனாளி, வயசான ஆக்கள், எத்தினை பிள்ளையள் எண்டெல்லாம் பாத்துப் புள்ளி போட்டு லிஸ்டை விதானையார் (கிராம சேவகர்) ஒபிசில ஒட்டுவினம். எங்கட பேர் வரும் எண்டு நூறு வீதம் நம்பிப் போனன், லிஸ்டில இல்லை. ஏன் சேர் எண்டு விதானையாரிட்டக் கேட்டா, காணி உங்கட அப்பா பேரில, அப்பா செத்ததுக்குச் சான்றிதழ் இல்லை, பெர்மிட்டில நம்பரும் இல்லை, அப்ப இது உங்கட காணி எண்டு நான் என்னெண்டு எழுதிறது எண்டார். அவர் சொன்னதிலயும் பிழை இல்லை. ஆனா அண்டைக்கு நான் வீட்டை வந்து அம்மாட்டச் சொல்ல ஏலாமல் கிணத்தடியில இருந்தனான்.

முதல் மரணச் சான்றிதழ். போரில செத்த, காணாமப் போன ஆக்களுக்கு எடுக்கிறதுக்கெண்டு 2010 கடைசியில ஒரு தற்காலிகச் சட்டம் வந்தது, அதின்ர கீழதான் எங்களைப் போடச் சொன்னவை. போம், விதானையார் கடிதம், ஜேபிக்கு (சமாதான நீதவான்) முன்னால சத்தியக்கடதாசி, கண்ட சாட்சி ரெண்டு பேர். சாட்சிக்கு எங்களோட அதே பங்கரில இருந்த பக்கத்து வளவு மாமி வந்தவ. போமில எங்க செத்தவர், எத்தினை மணிக்கு எண்டு கேள்வி இருக்கு. அம்மா வாயே திறக்கேல்லை, மாமிதான், விடியப்புறம், சேவல் கூவிற நேரம், ஆனா அங்க சேவல் ஒண்டும் இருக்கேல்லைத் தம்பி எண்டு அந்தக் கிளாக்கருக்குச் சொன்னவ. அந்தப் பெடியன் பேனையை வைச்சிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருந்தான்.

மாமிக்கும் அதே பிரச்சினைதான். அவவின்ர காணியும் புருசன்ர பேரில. ஆனா மாமாவை அவ 18ஆம் தேதி வட்டுவாகலில தன்ர கையால ஆமிக்காரரிட்டக் குடுத்திட்டு வந்தவ. நீங்களும் சான்றிதழ் எடுங்கோவன் அக்கா, வீடு கிடைக்கும் எண்டு ஒபிசில எத்தினையோ பேர் சொல்லிப் பாத்தவை. உயிரோட நடந்து போன மனுசனைச் செத்தவர் எண்டு நான் கையெழுத்து வைக்க மாட்டன் எண்டிட்டா. வீட்டைக் காட்டி அந்தக் கையெழுத்தைக் கேக்கிறது சரியில்லை எண்டு எனக்கு அண்டைக்கும் பட்டது, இண்டைக்கும் அதேதான்.

பிறகு பெர்மிட். காணிக்கிளையில பெர்மிட் பதிஞ்ச லெஜர் பாதியும் இல்லை, அதுகளும் எங்களைப் போல இடம்பெயர்ந்து துலைஞ்சதுகள்தானே. நடமாடும் சேவை வந்த அண்டைக்கு, ஊறிப்போன அந்தப் பெர்மிட்டையும் கொண்டு போனனான். அங்க இருந்த ஒரு மிஸ் அதை லைட்டுக்கு நேர பிடிச்சுப் பாத்து, பின்பக்கத்தில அழுந்தின அடையாளத்தை வைச்சு நாலு இலக்கத்தில மூண்டை வாசிச்சிட்டா. மிச்சத்தை நாலு பக்கத்து எல்லைக்காரரையும் வைச்சு எடுத்தது, வடக்க ஆர், கிழக்க ஆர் எண்டு அவையள் வந்து சொல்ல வேணும், அதில ஒராள் இந்தியாவில முகாமில, அவற்ற தம்பியைத் தேடிப் பிடிச்சுக் கொண்டு வந்தனான். எட்டு மாசம் எடுத்தது அம்மா பேருக்கு மாற. இதுக்குள்ள ஒண்டு சொல்லோணும், ஒவ்வொரு முறையும் வாயால கேட்டிட்டு வராமல் கடிதமாக் குடுத்து, எங்கட கொப்பியில தேதியோட சீல் அடிச்சு வாங்கினனான். ரெண்டாவது லிஸ்டுக்கு முன்னம் உங்கட முறைப்பாடு கிடைக்கேல்லை எண்டு சொன்ன இடத்தில அந்தச் சீல்தான் பேசினது.

2014 இல பேர் வந்தது. அம்மா பேரில காசு வாறது நல்ல முறைதான், இடையில கொந்திராத்துக்காரன் இல்லை, என்ன கல் எத்தினை யன்னல் எண்டு நாங்களே தீர்மானிச்சம். ஆனா அத்திவாரம் முடிஞ்சு டெக்னிக்கல் ஒபிசர் வந்து பாத்தாத்தான் அடுத்த காசு. அதுக்கிடையில மேசனுக்கு ஆர் குடுக்கிறது? ஊர் முழுக்க ஒரே நேரத்தில வீடு கட்டினதால மணல் விலை ஏறீட்டுது, கூரைச் சிலாகைக்குப் பனை இல்லை, செல் கொத்தின பனைதான் நிக்குது. கல் அரிஞ்சது நானும் தம்பியும், கூலி மிச்சம். அப்பிடியும் கூரைக்கு வரேக்க காசு முடிஞ்சு, அவ்வளவு தூரம் கொண்டு வந்த தாலிக்கொடியை அம்மா ஈடு வைச்சவ. தண்ணிக்குள்ளால, செக்பொயின்ருக்குள்ளால எல்லாம் கொண்டு வந்தது. மீட்க மூண்டு வருசம் எடுத்தது. கட்டுறவைக்குச் சொல்லிறன், சுவரை முடிக்கிறதுக்கு முன்னம் கூரைச் சாமானுக்குக் கணக்குப் பாருங்கோ, வட்டிக் கொம்பனியிட்டப் போகாதேங்கோ.

மாமி அதுவரைக்கும் அந்த 12 தகரத்துக்குக் கீழதான். 2016 இல சட்டத்தைத் திருத்தி, செத்தவர் எண்டு சொல்லாம ஆளைக் காணேல்லை எண்டு மட்டும் சொல்லிற சான்றிதழ் ஒண்டு கொண்டு வந்தினம். அதுக்கும் அவ உடன ஓமெண்டேல்லை. 2018 இல ஒரு நாள் பின்னேரம் போமைக் கொண்டு வந்து, பிள்ளை நீ எழுது, நான் சொல்லிறன் எண்டா. எங்கட விறாந்தையில இருந்து நிரப்பினது. கடைசியாக் கண்ட இடம் எண்ட கட்டத்துக்கு வந்தோடன நான் கேக்க முதலே சொன்னா, பாலத்துக்கு இஞ்சால பக்கம், நீலச் சேட், கையில தண்ணிப் போத்தில். போமில சேட்டுக்கு இடம் இல்லை. நான் ஓரத்தில சின்னனா எழுதி விட்டனான்.