சிங்கப்பூர்ச் சாங்கிக் கடற்கரையில் காணாமல் போன ஐஸ் பெட்டி

மார்ச் 10, ஞாயிறு

இரவு கீழ்வீட்டுத் தம்பி வந்தார். சாங்கியில் தூண்டில் போடப் போன இடத்தில் ஐஸ் பெட்டி காணாமல் போய்விட்டதாம். உள்ளே ரீல், பணப்பை. "பக்கத்துல இந்தியாவிலேருந்து வேலைக்கு வந்த ஊர்ப் பையன் ஒருத்தன் உட்கார்ந்திருந்தான், அவன்தான் அக்கா." அந்தப் பையனின் பையைக் கொட்டச் சொல்லிப் பார்த்திருக்கிறார். ஒரு சார்ஜர், பாதி ரொட்டி, அவ்வளவுதான். இப்போது பையனின் படத்தை வாட்ஸ்அப்பில் போடப் போகிறாராம்.

இரண்டு நாள் பொறுங்கள், நான் தேடிப் பார்க்கிறேன் என்றேன். பணம் தருவதாகச் சொன்னார். எப்போதும் போல மறுத்தேன். இங்கே காசு வாங்கித் துப்பறிய 2007 தனியார் பாதுகாப்புத் தொழில் சட்டப்படி உரிமம் வேண்டும். அது இல்லாவிட்டாலும் இதற்கெல்லாம் காசு வாங்குவேனா?

மார்ச் 11

தம்பி எடுத்த சூரியோதயப் படத்தில் பெட்டி தெரிகிறது. நேரம் 7:15. அதற்கப்புறம் மரத்தடியில் படுத்தவர் எழுந்தது 10 மணிக்கு. அப்போது பெட்டி இருந்த மணல் கறுத்து ஈரமாக இருந்ததாம். அலை ஒதுக்கிய குப்பைக்கோடு அதற்கும் மேலே கிடந்ததாம்.

நேற்று அமாவாசை. கடல் நன்றாக வற்றி, நன்றாக ஏறும் நாள். இங்கே வற்றவும் ஏறவும் தலா ஆறு மணி நேரத்துக்குச் சற்று மேல் ஆகும், தினமும் ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப்போகும். அதனால் நேற்றைய 7:15 என்பது இன்றைக்கு 8:05. 2-ஆம் எண் பஸ்ஸில் போய், படத்தில் உள்ள மரத்தையும் கல்லையும் வைத்துப் பெட்டி இருந்த இடத்தைப் பிடித்து ஒரு குச்சி நட்டேன். 8:05-க்குத் தண்ணீர் பத்தடி தள்ளியிருந்தது. ஒன்பதரைக்குக் குச்சி பாதி முங்கிவிட்டது. ரீலும் பணப்பையும் மட்டுமே இருந்த ஐஸ் பெட்டி எப்படி மிதக்கும் என்று சொல்லவா வேண்டும்!

மார்ச் 12

கரையோரமாக நடந்தே தேடினேன். கற்களிடையே ஒரு பெட்டி சிக்கிக் கிடந்ததாகத் துப்புரவு அண்ணன் சொன்னார். எடுத்துப் பத்திரமாக வைத்திருந்தார். பணப்பை நனைந்திருந்தது, பணம் அப்படியே இருந்தது.

தம்பி ரொம்ப நேரம் பேசவில்லை. பையனின் படத்தை என் கண்முன்னே அழித்தார்.

மார்ச் 17, ஞாயிறு

மன்னிப்புக் கேட்க வேண்டும், கூட வாங்க அக்கா என்றார். நாசி லெமாக் (தேங்காய்ப்பால் சோறு) மூன்று பொட்டலம் வாங்கிக்கொண்டு அதே மரத்தடியில் மதியம் வரை உட்கார்ந்திருந்தோம். பையன் வரவில்லை. அடுத்த ஞாயிறும் போகிறோம்.