கோடியக்கரையில் உள்ளான்களைத் தேடி

கோடியக்கரைக்குப் போகிறவர்களில் பலருக்குப் பூநாரையைப் பார்த்துவிட்டால் போதும், வந்த வேலை முடிந்துவிடும். எனக்கோ சேற்றில் இரை தேடும் சிறு கரைப்பறவைகளான உள்ளான்கள்மீதுதான் கண். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, சதுப்பில் நீர் மெல்ல வற்றத் தொடங்கும் மார்கழியில், முழங்கால் ஆழ நீரில் ஊசிவால் வாத்துகளும், அதைவிட ஆழம் குறைந்த இடத்தில் பவளக்காலிகளும், ஈரச் சேற்றில் உப்புக்கொத்திகளும் அவரவர் அலகுக்கும் காலுக்கும் ஏற்ற இடத்தைப் பிடித்துக்கொண்டு இரை தேடுவதை ஒரே வரப்பிலிருந்து பார்க்க முடிகிறது.

வனத்துறையின் அனுமதியோடு விடிவதற்குள் சதுப்பின் ஓரத்தை அடைந்துவிட்டோம். 1967இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்டு, 2002இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்த இந்த நிலப்பரப்பில், பெரிய சதுப்பு ஊருக்கு மேற்கே விரிந்து கிடக்கிறது. ஆகவே காலை வெயில் நம் முதுகுக்குப் பின்னாலும் பறவைகளின் முகத்திலும் விழும். மாலையில் அதே இடத்தில் எல்லாம் கருநிழலாகிவிடும். படம் எடுப்பவர்கள் காலையைத் தவறவிடக் கூடாது என்பதற்கு இதைவிடக் காரணம் வேண்டியதில்லை.

"தண்ணி கூடிக் கிடக்குண்ணே, குருவியெல்லாம் அந்தப் பக்கம் மேட்டுல ஒதுங்கியிருக்கும்" என்று வழியில் உப்பளத் தொழிலாளி ஒருவர் சொல்லியிருந்தார். அவர் கைகாட்டிய மேட்டருகே, கேமராவைப் பையின்மேல் சாய்த்து, வரப்பில் குப்புறப் படுத்துக்கொண்டேன். சற்று நேரத்தில் கொசு உள்ளான்கள் தாமாகவே நெருங்கி வந்தன. சிட்டுக்குருவியளவே உள்ள இந்தப் பறவை ஆர்க்டிக் வட்டாரத்துத் தூந்திர வெளியில் முட்டையிட்டுக் குஞ்சு பொரித்துவிட்டு, குளிர்காலத்தைக் கழிக்க இவ்வளவு தூரம் வருகிறது. சாம்பல் முதுகு, வெள்ளை வயிறு, கறுத்த கால்கள். அலகு நுனியில் ஒட்டிய சேற்றைக்கூட லென்ஸ் வழியே காண முடிந்தது. தையல் இயந்திரத்தின் ஊசிபோல் அலகை இறக்கி ஏற்றிக்கொண்டே நகர்ந்தது, தலை நிமிர்ந்த நொடிகள் மிகச் சில. வெள்ளை வயிறு வெளிறிப் போகாமலிருக்க கேமராவின் ஒளியளவை ஒரு ஸ்டாப்புக்கு, அதாவது ஒளியைப் பாதியாக்கும் அளவுக்கு, சற்றுக் குறைவாக இறக்கி வைத்தேன்.

திடீரென மொத்தக் கூட்டமும் எழும்பியது. சேற்றுப் பூனைப்பருந்து ஒன்று தாழப் பறந்து வந்துகொண்டிருந்தது. கூட்டம் ஒருபுறம் திரும்பும்போது வெண்மையாகவும், மறுபுறம் திரும்பும்போது சாம்பலாகவும் மாறி மாறித் தெரிந்தது. பறக்கும் கூட்டத்தைப் படமெடுக்க ஆசைப்பட்டுச் சேற்றில் இறங்கி விரட்டுகிறவர்களையும் நான் பார்த்திருக்கிறேன். எனக்கு அது அறவே பிடிக்காத பழக்கம். திரும்பிப் போகும் நெடும்பயணத்துக்காகக் கொழுப்பைச் சேர்க்க வேண்டிய பறவை, ஒவ்வொரு முறை விரட்டப்படும்போதும் தின்ற இரையின் ஒரு பங்கைப் பறப்பதிலேயே செலவழிக்கிறது. பருந்து வரும், காத்திருந்தால் போதும்.

வெயில் ஏறியதும் கானல் அலையத் தொடங்கி, தொலைவிலிருந்த பூநாரைகள் தண்ணீரில் கரைவதுபோல் தெரிந்தன. அதற்குமேல் எவ்வளவு விலையுயர்ந்த லென்ஸும் உதவாது. கேமராவை மூடிவிட்டு இருநோக்கியை எடுத்தேன். அவை தலையைக் கவிழ்த்து, அலகின் மேல்பாகம் கீழே வரும்படி நீரில் அமிழ்த்தி, நாக்கால் நீரை உறிஞ்சி வெளியேற்றி, அலகின் ஓரத்திலுள்ள சீப்பு போன்ற வரிசைகளில் இரையைச் சலித்தெடுக்கின்றன. சில பறவைகள் கால்களால் சேற்றை மிதித்துக் கலக்கியபடியே நின்றன. கூட்டத்தில் சாம்பல் படிந்த நிறத்தில் இருந்தவை இளம் பறவைகள். இரையிலுள்ள நிறமிகள் உடலில் சேரச் சேரத்தான் அந்த இளஞ்சிவப்பு வரும்.

பிற்பகலில் புல்வெளிப் பக்கம் வெளிமான்களையும், காட்டில் திரியும் குதிரைகளையும் பார்த்தோம். போக நினைப்பவர்கள் மழை விட்ட பிறகு, மார்கழி, தை மாதங்களில் செல்லலாம். இடையில் கனமழை பெய்திருந்தால் நீர் வடியச் சில நாள் விட்டுப் போவது நல்லது, ஏனெனில் சேறு வெளியே தெரியாத சதுப்பில் உள்ளான்கள் கரையோரம் வருவதில்லை.