கிரேக்கக் கப்பல் பயணமும் ஒற்றைப் பெயர் பாஸ்போர்ட்டும்

கிரேக்கத் தீவுகளுக்குக் கப்பலில் போகிறவர்கள், விசா வேலையை ஏஜென்ட்டிடம் கொடுத்துவிட்டு நிம்மதியாகத் தூங்கிவிடாதீர்கள். நானும் கணவரும், அத்தை, கணவரின் கல்லூரி நண்பர், அவர் மனைவி என்று ஒரு கூட்டமாகக் கிளம்பினோம். ஏதென்ஸை ஒட்டிய பிரேயஸ் துறைமுகத்தில் ஏறி மைக்கோனோஸ், குஷாதாசி, ரோட்ஸ், கிரீட், சாண்டோரினி சுற்றிவிட்டு பிரேயஸிலேயே இறங்குகிற கப்பல். பணம் கட்டுகிற வரை எல்லாம் மளமளவென்று நடந்தது.

இந்த ஊர்களில் குஷாதாசி மட்டும் துருக்கியில் இருக்கிறது. கிரீஸ் உள்ளிட்ட பல ஐரோப்பிய நாடுகளை ஒரே விசாவில் சுற்றவிடும் கூட்டமைப்புதான் ஷெங்கன்; துருக்கி அதில் இல்லை. கப்பல் அங்கே போனால் ஷெங்கனை விட்டு வெளியேறியதாகக் கணக்கு. அடுத்து ரோட்ஸில் இறங்குவது இரண்டாவது நுழைவு. மல்டிபிள் என்ட்ரி விசா இல்லையென்றால் பிரேயஸில் கப்பலேறவே விடாமல் திருப்பி அனுப்பலாம். எங்கள் ஏஜென்ட் எல்லோர் விண்ணப்பத்திலும் சிங்கிள் என்ட்ரி என்று டிக் அடித்து வைத்திருந்தார். விசா மையத்தில் டோக்கனுக்குக் காத்திருந்தபோது நண்பரின் மனைவி சும்மா புரட்டிப் பார்த்ததில்தான் அது கண்ணில் பட்டது. போன் போட்டுக் கேட்டால், "கிரீஸ்தானே மேடம் போறீங்க?" என்கிறார். குஷாதாசி போகிற டிக்கெட்டை எங்களுக்கு விற்றதே அவர்தான்!

கீழே இருந்த ஜெராக்ஸ் கடையில் புதுப் படிவம் எடுத்து, மடியில் வைத்து எழுதினோம். கடைக்காரரின் கம்ப்யூட்டரில் படிவம் தயாராக இருந்தது. விலையையும் தயாராகத்தான் வைத்திருந்தார். போட்டோ அளவு சரியில்லை என்று திருப்பி அனுப்பப்பட்டவர்கள் வேறு அங்கே வரிசையில் நின்றார்கள். 35-க்கு 45 மில்லிமீட்டர் என்பதை வீட்டிலேயே ஸ்கேல் வைத்து அளந்துவிடுங்கள்.

அப்புறம்தான் பெரிய தலைவலி. அத்தையின் பாஸ்போர்ட்டில் சர்நேம் கட்டம் காலி. நம் ஊரில் பாதிப் பேருக்கு இப்படித்தான் இருக்கும். கப்பல் கம்பெனியின் இணையதளமோ கடைசிப் பெயர் இல்லாமல் நகராது. ஏஜென்ட் அத்தையின் பெயரையே இரண்டு முறை போட்டுவிட்டார். கவுன்ட்டரில் இருந்த பெண் பாஸ்போர்ட்டையும் கப்பல் புக்கிங்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, "ரெண்டும் ஒரே ஆள்தான்னு எழுத்துல வேணும்" என்றார். இப்படியே கொடுத்தால் உங்கள் பொறுப்பு, நிராகரித்தால் பணம் திரும்பாது என்றும் சொன்னார். 2024 ஜூனிலிருந்து கட்டணம் ஆளுக்கு 90 யூரோ. மையத்தின் சேவைக் கட்டணம் தனி. அத்தையை மட்டும் விட்டுவிட்டுக் கொடுக்க மனசு வரவில்லை. எல்லோருமே கோப்பைக் கட்டிக்கொண்டு வீடு திரும்பினோம்.

"எல்லாருக்கும் இப்படித்தான் வரும், அவங்க பார்க்க மாட்டாங்க" என்பதையே ஏஜென்ட் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். கடைசியில் நானே கப்பல் கம்பெனிக்கு நேரடியாக எழுதினேன். பாஸ்போர்ட் எண்ணைக் குறிப்பிட்டு, சர்நேம் இல்லாததால் பெயர் இருமுறை பதிவாகியிருக்கிறது என்று லெட்டர்ஹெட்டில் ஒரு கடிதம் கேட்டேன். வந்தது. அடுத்த அப்பாயின்ட்மென்ட்டில் அதே பெண் அதை வாங்கிக் கோப்பின் மேலேயே வைத்துக்கொண்டார். உங்கள் வீட்டில் ஒற்றைப் பெயர்க்காரர் இருந்தால் இந்தக் கடிதத்தை முதல் நாளே கேட்டு வாங்கிவிடுங்கள். விமான டிக்கெட்டிலும் பெயர் அதே மாதிரி இருக்கட்டும்.

இன்னொன்று. வரும் வழியில் துபாயில் ஓர் இரவு இலவசம் என்று ஏஜென்ட் சேர்த்திருந்தார். 2022 நவம்பரிலிருந்து ஒற்றைப் பெயர் பாஸ்போர்ட்டோடு சுற்றுலா விசாவில் அமீரகத்துக்குள் நுழைவதில் சிக்கல் உண்டு. பிறகு சில விலக்குகள் அறிவித்தார்கள்தான். ஆனால் அதை நம்பி அத்தையை நள்ளிரவில் கவுன்ட்டரில் நிறுத்த நாங்கள் தயாராக இல்லை. இலவச இரவு வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தோம்.

காப்பீட்டிலும் கவனம் தேவை. குறைந்தது 30,000 யூரோவுக்கு இருந்தால் விசாவுக்குப் போதும். ஆனால் ஷெங்கன் நாடுகளுக்கு மட்டும் என்று போட்ட பாலிசி குஷாதாசியில் கால் சுளுக்கினால் உதவாது. துருக்கியும் சேர்ந்த பாலிசியாக வாங்குங்கள். கப்பல் டாக்டரின் பில் நேரே உங்கள் அறைக் கணக்கில் ஏறும், தொகையும் லேசில் இருக்காது.

விசா வந்தது. ஐந்து ஸ்டிக்கரிலும் மல்டிபிள். அத்தை தன்னுடையதைக் கண்ணாடி போட்டு இரண்டு தடவை படித்தார்.

கப்பலில் குறை சொல்ல ஒன்றுமில்லை. குஷாதாசியிலிருந்து சுமார் 20 கிலோமீட்டரில் எபேசஸ் என்ற பழங்கால நகரத்தின் இடிபாடுகள். நடக்க நிறைய, நிழல் குறைவு, தொப்பி அவசியம். சாண்டோரினியில் மட்டும் உஷாராக இருங்கள். கப்பல் கரையோரம் வராது, கடலிலேயே நிற்கும். படகில் கொண்டுபோய் விடுவார்கள். மேலே மலை உச்சியில் இருக்கும் ஃபிரா என்ற ஊரிலிருந்து படகுத்துறைக்கு இறங்க கேபிள் கார், இல்லையென்றால் 500-க்கும் மேற்பட்ட படிகள். பல கப்பல்கள் ஒரே நாளில் நின்றால் மாலை கேபிள் கார் வரிசை தெருவுக்கு வந்துவிடுகிறது. சூரிய அஸ்தமனம் பார்த்துவிட்டுப் போகலாம் என்று நண்பர் அடம்பிடித்தார். அத்தையின் முழங்காலைக் காட்டி அவரை இழுத்துக்கொண்டு போய் வரிசையில் நின்றோம். அப்படியும் கடைசிப் படகுக்குக் கொஞ்சம் முன்னால்தான் கீழே வந்து சேர்ந்தோம்.

ஊர் திரும்பியதும் ஏஜென்ட் போன் செய்து ஐந்து நட்சத்திரம் போடச் சொல்லிக் கேட்டார். நான் போனைக் கணவரிடம் கொடுத்தேன். அவர் அத்தையிடம் கொடுத்துவிட்டார்.