லெவன்வொர்த் அட்டை மாதிரி: மூன்றாவது வாரம்

அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்து லெவன்வொர்த் நகரை அட்டையில் செய்ய ஆரம்பித்து மூன்று வாரம் ஆகிறது. நில அளவை வரைபடத்தை அச்செடுத்து, உயரக்கோடு ஒவ்வொன்றுக்கும் ஓர் அட்டை வெட்டி அடுக்கி ஒட்டுகிறேன். முதல் வாரம் வெட்டுவதிலேயே போனது. பசை ஈரத்தில் இரண்டு அட்டை வளைந்துவிட, ராத்திரி முழுக்க அகராதியைப் பாரமாக வைத்து நிமிர்த்தினேன்.

போன ஞாயிறு மிசூரி ஆற்றுக்கு நீலம் பூசினேன். தண்ணீர் கொஞ்சம் கூடிவிட்டது. மேற்குக் கரை மேட்டில் ஒரு சொட்டுகூட ஏறவில்லை; கிழக்கே தட்டையான நிலம் முழுக்கப் பரவிவிட்டது. துடைக்கப்போன கை அப்படியே நின்றது. 1827இல் கர்னல் ஹென்றி லெவன்வொர்த்துக்கு வந்த உத்தரவு, கிழக்குக் கரையில் ராணுவ முகாம் அமைக்கச் சொன்னது. வந்து பார்த்தால் அங்கே வெள்ளம் ஏறும் தாழ்நிலம். மனிதர் எதிர்க்கரை மேட்டில் முகாம் போட்டுவிட்டார். மேலிடம் பிறகுதான் ஒப்புக்கொண்டது. படிக்கும்போது ஒரு வரியாகக் கடந்துபோன சேதி, அட்டையில் கண்முன்னே நடந்துவிட்டது. அந்த நீலத்தைத் துடைக்கவில்லை, அப்படியே இருக்கட்டும்.

அப்புறம் ஊர். 27 வருஷம் அந்த முகாமில் எழுந்த கோட்டை மட்டும்தான். மிசூரியிலிருந்து தென்மேற்கே சாண்டா ஃபே ஊருக்குப் போன வணிகத்தடத்துக்குக் காவல். 1854இல் மிசூரியிலிருந்து வந்தவர்கள் அதன் தெற்கே மனை பிரித்தார்கள். அது ஒப்பந்தப்படி டெலவேர் பழங்குடியினருக்கு உரிய நிலம். அடுத்த வருஷமே கான்சாஸின் முதல் நகராட்சியாகிவிட்டது. தெருக்களை ஒட்டும் முன் அந்த நிலத்தைச் சிவப்பு நூலால் சுற்றி, டெலவேர் என்று பெரிய எழுத்தில் எழுதினேன். வீடுகளுக்கு அடியில் அது மறைந்துபோவதில் எனக்குச் சம்மதமில்லை.

கோட்டைக்கு மேற்கே இருந்த முகாம்களுக்கெல்லாம் சரக்கு இங்கிருந்துதான் மாட்டு வண்டியில் போனது. ஊரின் பிழைப்பும் அதுதான்.

இந்த வாரம் கோட்டைக் கட்டடங்கள். 1866இல் கறுப்பின வீரர்களின் பத்தாவது குதிரைப்படை உருவானது இங்கேதான். அவர்களுக்கு 1992இல் எழுப்பிய சிலைக்கு ஒரு குண்டூசி. 1881இல் தொடங்கிய அதிகாரிகள் பள்ளிக்குத் தீப்பெட்டி அட்டை. பின்னால் அமெரிக்க ஜனாதிபதியான ஐசனோவர் 1926இல் முதலிடம் பெற்றது அங்கே. செங்கல்பட்டில் பிறந்து, பின்னால் இந்திய ராணுவத் தளபதியான சுந்தர்ஜி படித்ததும் அங்கேதான் என்று தெரிந்தபின், அந்த ஒரு கட்டடத்துக்கு மட்டும் ஜன்னல்களை ஊசியால் கீறினேன்.

சிறைச்சாலையின் குவிமாடம் இன்னும் சரியாக வரவில்லை. பாதியாக வெட்டிய பிங்பாங் பந்து பெரிதாகத் தெரிகிறது.

அடுத்து, ஆற்றங்கரையிலிருந்து மேட்டுக்கு ஏறும் வண்டித்தடம். வண்டிகள் ஏறி ஏறிப் பள்ளமான அந்தச் சரிவு இன்றும் கோட்டைக்குள் இருக்கிறது. அதற்கு அட்டை வேண்டாம், களிமண் பூசிக் கட்டைவிரலால் அழுத்திப் பார்க்கப் போகிறேன்.