முழங்காலில் சீழ்: மாத்திரைக்கு முன் ஊசி

முந்தாநாள் வரை நடமாடியவர் இன்று காலை ஊன்ற முடியாமல் வருகிறார். ஒரு முழங்கால் மட்டும் வீங்கி, தொட்டால் சுடுகிறது. நாமே மெல்லப் பிடித்துக் கொஞ்சம் மடக்கினாலும் கத்திவிடுகிறார். காய்ச்சல் இல்லையே என்று விட்டுவிடக் கூடாது. முதியவர்கள், சர்க்கரை நோயாளிகள், ஸ்டீராய்டு எடுப்பவர்களுக்குக் காய்ச்சலே இல்லாமல் மூட்டில் சீழ் பிடிக்கும். முதல் சில நாள் எக்ஸ்ரேயிலும் எலும்பு சரியாகத்தான் தெரியும். அதற்குள் குருத்தெலும்பு அரிக்கத் தொடங்கியிருக்கும்.

அதிகம் கெடுவது ஓரிடத்தில்தான். எண்ணெய் தேய்த்துப் பார்த்து, மெடிக்கலில் கேட்டு வாங்கிய ஆன்டிபயாடிக்கை இரண்டு நாள் போட்டுவிட்டு வருவார்கள். அது கிருமியை ஒழிக்காது. கல்ச்சரில் (கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை) முளைக்காதபடி அடக்கி வைக்கும். பிறகு எந்தக் கிருமி என்று தெரியாமல் வாரக்கணக்கில் குருட்டு வைத்தியம். அதனால் ஆள் ரத்த அழுத்தம் சரிந்த அதிர்ச்சி நிலையில் இல்லாதவரை, முதலில் மூட்டு நீர், பிறகுதான் மருந்து.

காலை நீட்டிப் படுக்க வைத்து, முட்டிச் சில்லின் மேல்-வெளி ஓரத்தில் 18 கேஜ் ஊசி. சீழ் கெட்டி, மெல்லிய ஊசியில் அடைத்துக்கொள்ளும். சிவந்து புண்ணான தோல் வழியாகக் குத்தக் கூடாது. வெளிக்கிருமியை நாமே உள்ளே தள்ளுவோம். நல்ல மூட்டு நீர் வைக்கோல் நிறம், டியூபுக்குப் பின்னால் செய்தித்தாளைப் பிடித்தால் எழுத்தைப் படிக்கலாம். சீழ் பிடித்த நீரில் எழுத்து மறைந்துவிடும். ஊதா மூடி டியூபில் கொஞ்சம், செல் எண்ணிக்கைக்கு. சுத்தமான குப்பியில் கொஞ்சம், கிராம் சாயத்துக்கும் (கிருமிக்குச் சாயமேற்றி நுண்ணோக்கியில் பார்ப்பது) படிகம் பார்க்கவும். மிச்சத்தை பிளட் கல்ச்சர் பாட்டிலிலேயே விட்டால் கிருமி வளரும் வாய்ப்பு கூடுகிறது. கல்ச்சர் பாட்டிலை ஃபிரிட்ஜில் வைத்துவிடுவது இரவுப் பணியில் நடக்கும் பழைய தப்பு.

மூட்டு நீரில் வெள்ளணு மைக்ரோலிட்டருக்கு 50,000-க்கு மேல் என்றால் சந்தேகம் வலுக்கிறது; குறைவாக இருந்தாலும் இல்லையென்று சொல்லிவிட முடியாது. யூரிக் அமிலப் படிகம் தெரிந்தால் 'கவுட்தான்' (அந்தப் படிகத்தால் வரும் மூட்டுவாதம்) என்று ஃபைலை மூடுவதும் ஆபத்து, இரண்டும் சேர்ந்தே வரும். கிராம் சாயம் பாதிப் பேருக்கு மேல் ஒன்றும் காட்டாது.

நீர் எடுத்த கையோடு, இரண்டு இடத்தில் ரத்த கல்ச்சரும் எடுத்து, ரத்தக்குழாய் வழி மருந்தைத் தொடங்குகிறோம். கிருமி பெரும்பாலும் ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ்தான். செஃபசோலின் 2 கிராம், 8 மணி நேரத்துக்கு ஒருமுறை. எம்ஆர்எஸ்ஏ (வழக்கமான மருந்துக்கு மசியாத ஸ்டஃபைலோகாக்கஸ்) சந்தேகம் என்றால் வான்கோமைசின், கிரியாட்டினின் (சிறுநீரக வேலையைக் காட்டும் ரத்தச் சோதனை) பார்த்து அளவு. தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் சர்க்கரை நோயுள்ள விவசாயிக்கு, அதுவும் மழைக்காலத்தில், மெலியாய்டோசிஸையும் (மண், நீரிலிருந்து தொற்றும் கிருமி நோய்) நினைக்க வேண்டும். லேபில் அதன் கிருமியைச் சில சமயம் 'சூடோமோனாஸ்' என்று எழுதிவிடுவார்கள். செஃபசோலினுக்கு அது மசியாது.

மருந்து மட்டும் போதாது, சீழ் வெளியேற வேண்டும். ஊசியால் எடுத்தும் மறுநாள் நிரம்பினால் ஆர்த்ராஸ்கோப்பி (சிறு துளை வழியாகக் கேமரா விட்டு) கழுவல். குழந்தையின் இடுப்பு மூட்டென்றால் காத்திருக்கவே கூடாது, தொடை எலும்புத் தலைக்கு ரத்தம் நின்றுவிடும். செயற்கை மூட்டு உள்ளவரை வார்டில் குத்தாமல் எலும்பு மருத்துவக் குழுவிடமே விட வேண்டும்.

ஸ்டஃபைலோகாக்கஸ் என்றால் பெரியவர்களுக்கு வழக்கமாக 4 வாரம், பின்பாதி மாத்திரையாக. சிஆர்பி (அழற்சியைக் காட்டும் ரத்தச் சோதனை) வாராவாரம். காலை மாவுக்கட்டில் பூட்டி வைப்பதில்லை. வலிக்கு ஓரிரு நாள் ஸ்ப்ளின்ட், வலி தணிந்ததும் கட்டிலிலேயே மடக்கி நீட்டும் பயிற்சி.